கடலின் கணக்கைக் கடவுள் தலையில் கட்டாதீர்கள்

2017 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் கிரிபாட்டி அரசு ஒரு காணொளியைக் காட்டியது. அதில் அதிபர் தனெட்டி மாமாவ் சொன்னதன் சாரம் இதுதான்: பருவநிலை மாற்றம் கடுமையான பிரச்சினை; ஆனாலும் எங்கள் நாடு டைட்டானிக் கப்பலைப் போல மூழ்கிவிடும் என்று நாங்கள் நம்பவில்லை; இந்த நிலம் கடவுளின் கையால் ஆனது.

பகுத்தறிவாளர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவருக்கும் இதைக் கேட்டதும் சிரிப்பு வரும். கடல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, நாட்டின் தலைவரோ படைத்தவன் பார்த்துக்கொள்வான் என்கிறாரே! சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சிரிப்போடு நின்றுவிட்டால் நாம் வெறும் கேலிக்காரர்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்தக் கடவுள் பேச்சால் லாபம் யாருக்கு?

கிரிபாட்டி, பசிபிக் கடலில் 33 தீவுகள் கொண்ட நாடு. மொத்த நிலம் சுமார் 811 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 1,20,000. அவர்களில் பாதிப் பேர் தெற்கு தராவா என்ற ஒடுங்கிய மண்திட்டில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பனாபா என்ற ஒரு தீவைத் தவிர மற்றவை எல்லாம் பவளத் தீவுகள். பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் உயரம். ஆனால் அந்த நாட்டுக்கு உரிமையான கடல் சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. உலகின் கரியமில வாயுவில் அவர்கள் பங்கு என்று எதையும் கணக்கில் காட்ட முடியாது, அவ்வளவு சொற்பம். உலகக் கடல்மட்டமோ 1901க்கும் 2018க்கும் இடையில் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது.

கிரிபாட்டியிலும் பக்கத்து நாடான துவாலுவிலும் பைபிளில் வரும் நோவாவின் கதைக்குத் தனிச் செல்வாக்கு உண்டு. இனி ஒருபோதும் வெள்ளத்தால் உலகை அழிக்கமாட்டேன் என்று கடவுள் வாக்குக் கொடுத்து, வானவில்லைச் சாட்சியாக நிறுத்தினார் அல்லவா? அந்த வாக்கு இருக்கும்போது தீவு எப்படி மூழ்கும் என்று கேட்பவர்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கதை அந்த மண்ணில் பிறந்ததல்ல. 1857ல் அமெரிக்க மிஷனரி ஹைரம் பிங்காம், பாஸ்டன் மிஷனின் 'மார்னிங் ஸ்டார்' கப்பலில் அபயாங் தீவுக்கு வந்து இறங்கினார். அந்த மக்களின் பேச்சுக்கு எழுத்து வடிவம் அமைத்து, பைபிளை அதில் பெயர்த்தவரும் அவரே. அதே நூற்றாண்டில்தான் மேற்கின் ஆலைகள் நிலக்கரியை அள்ளி அள்ளி எரித்துக்கொண்டிருந்தன. புகையை அனுப்பிய உலகமே, வெள்ளம் வராது என்ற வாக்குறுதியையும் அனுப்பிவைத்திருக்கிறது!

இப்போது லாபக் கணக்கைப் பாருங்கள். வெள்ளம் வருவதும் வராததும் கடவுள் சித்தம் என்றால், குற்றவாளிக் கூண்டில் யாரை நிறுத்துவது? எண்ணெய் நிறுவனத்தையா, நிலக்கரிச் சுரங்க முதலாளியையா, அவர்களுக்கு மானியம் கொடுத்த அரசுகளையா? ஒருவரையும் நிறுத்த முடியாது. நம்மூரில் ஏழையின் பசிக்குத் தலையெழுத்தைக் காரணம் காட்டியபோதெல்லாம், கூலியைக் குறைத்துக் கொடுத்தவன் நிம்மதியாகத் தூங்கினான். அதே தூக்கத்தைத்தான் கிரிபாட்டி அதிபரின் பக்தி, தொலைதூரத்தில் இருக்கும் பெரிய மனிதர்களுக்கு இலவசமாக வாங்கிக் கொடுக்கிறது.

மாமாவைவிடத் தெளிவாகப் பேசிய பக்தர்கள் அதே நாட்டில் இருந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 2004ல் தராவாவில் பசிபிக் திருச்சபைகள் கூடி, பருவநிலை மாற்றம் மனிதரால் நேர்ந்தது, அதற்கு மனிதரே பொறுப்பு என்று அறிக்கை வெளியிட்டன. கடவுளை நம்பிக்கொண்டே காரணத்தை மனிதனிடம் தேடியவர்கள் அவர்கள். அந்த அளவுக்கு அவர்கள் நம் பக்கம்தான். சண்டை நம்பிக்கையோடு என்பதைவிட, நம்பிக்கையைச் சாக்காக வைத்துப் பொறுப்பைக் கழற்றிவிடுவதோடு என்பதே சரி.

மாமாவுக்கு முன்னால் 2003 முதல் 2016 வரை அதிபராக இருந்தவர் அனோட்டே டோங். லண்டனில் பொருளாதாரம் படித்தவர். விஞ்ஞானிகள் சொன்னதை ஏற்றுக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றிப் பேசினார். 'மதிப்போடு குடிபெயர்தல்' என்ற கொள்கையை முன்வைத்தார். 2014ல் ஃபிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலத்தை, 80 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் கொடுத்து, இங்கிலாந்துத் திருச்சபையிடமிருந்து தன் நாட்டுக்காக வாங்கினார். ஃபிஜி என்றதும் தமிழ் வாசகருக்குப் பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டு நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் கப்பலில் ஏற்றிவரப்பட்டவர்கள் கண்ணீர் விட்ட நாட்டில், இன்னொரு மக்கள் கூட்டம் தனக்காக இடம் பிடித்து வைத்தது. வாங்கிய நிலத்திலும் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்தார்கள்: சாலமன் தீவுகளிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள்.

டோங்கை உலகம் கொண்டாடியது. 2018ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு 'அனோட்டேயின் பேழை' என்று பெயர் வைத்தார்கள். கடவுளை ஒதுக்கி வைத்துப் பேசியவரையும் கடைசியில் நோவாவாக ஆக்கிவிட்டார்கள்!

அது தற்செயலாக நடந்ததாகத் தோன்றவில்லை. எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று டோங் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையைச் சொல்லும் துணிவு அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் மேற்கின் காதில் எப்படி விழுந்தது? எழுந்து நின்று கைதட்டினார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் பதவியில் இருந்த பதின்மூன்று ஆண்டுகளில் உலகின் புகை கூடியதே தவிரக் குறையவில்லை. எப்படியும் மூழ்கத்தான் போகிறது என்றால் இனி யார் என்ன செய்து என்ன? மாமாவ் கடவுளைச் சொல்லிக் குற்றவாளியை விடுவித்தார். டோங்கின் சோகத்தைக் கேட்டவர்களோ, விஞ்ஞானத்தைச் சொல்லித் தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டார்கள். தலையெழுத்துக்குப் பட்டப்படிப்பு முடித்த ஒரு தம்பி இருக்கிறான்; அவன் பெயர் 'தவிர்க்க முடியாதது'.

தீவு மூழ்கும் என்ற படமே அரைகுறையானது. ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துவாலுவின் 101 தீவுத் திட்டுகளை 1971 முதல் 2014 வரையிலான படங்களை வைத்து அளந்தார்கள். 2018ல் வந்த முடிவு: மொத்த நிலப்பரப்பு குறையவில்லை, 2.9 சதவீதம் கூடியிருந்தது. அலைகள் பவள மணலை ஒரு கரையில் அரித்து இன்னொரு கரையில் கொட்டுகின்றன. இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா ஆபத்தே இல்லை என்று கொக்கரித்தவர்கள் உண்டு. பரப்பு கூடினால் போதுமா, குடிக்கத் தண்ணீர் வேண்டாமா? பவளத் தீவில் மழைநீர் மண்ணுக்கடியில் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. பெரிய அலை ஒருமுறை தீவின் மேல் ஏறி இறங்கினால் அந்தப் படலம் உப்பாகிறது. குழி தோண்டிப் பயிரிடும் பாபாய் கிழங்கு அழுகுகிறது. தீவு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். அதில் மனிதன் வாழ முடியாமல் போகும். அந்த நாளைத் தள்ளிப்போட முடியும். அதற்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும், கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் வேண்டும், நிலத்தை உயர்த்த மணல் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மூழ்கிவிடும் என்று முன்கூட்டியே அழுதுவிட்டவர்களிடம் அந்தப் பணத்தைக் கேட்பது கடினம்.

அப்படியானால் கிரிபாட்டி மக்கள் 2016, 2020, 2024 என்று மூன்று முறை மாமாவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் முடிக்க ஆசையாக இருக்கும். குடிபெயர்தல் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. பனாபாவை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

1900ல் பனாபாவில் பாஸ்பேட் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 பவுண்டு, 999 ஆண்டு உரிமை என்று பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1979 வரை தோண்டினார்கள். ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் புல்வெளிகள் அந்த உரத்தில் செழித்தன. தீவில் பாறை முட்கள் மிஞ்சின. 1945 டிசம்பரில் பனாபா மக்களை ஃபிஜியின் ராம்பி தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நீதிபதி மெகாரி கடல் கடந்து தீவுக்கே வந்து பார்த்தார். 1970களில் வந்த தீர்ப்பு என்ன? பிரிட்டிஷ் அரசின் கடமை ஆட்சி சார்ந்தது. நீதிமன்றம் வற்புறுத்தி நிறைவேற்றக்கூடிய பொறுப்பு அரசுக்கு இல்லை. அநியாயம் கண்ணுக்குத் தெரிகிறது, சட்டத்தின் கைக்குத்தான் எட்டவில்லை! இந்த வரலாறு உள்ள மக்களிடம் 'மதிப்போடு குடிபெயருங்கள்' என்றால், 'நீங்கள் இங்கேயே இருப்பீர்கள், கடவுள் இருக்கிறார்' என்பவர் பக்கம் அவர்கள் சாய்வதில் வியப்பென்ன?

வாக்காளரைப் புரிந்துகொள்ளலாம், அதற்காகத் தலைவரை விட்டுவிட முடியாது. பாதிக்கப்பட்ட நாட்டின் தலைவர் என்பதால் ஒருவர் புனிதர் ஆகிவிடுவதில்லை. 2022ல் மாமாவ் அரசு தலைமை நீதிபதியையும், தொடர்ந்து மேல்முறையீட்டு நீதிபதிகளையும் இடைநீக்கம் செய்தது. கடலா சொன்னது நீதிமன்றத்தை முடக்கு என்று? டோங்கும் விதிவிலக்கில்லை. பீனிக்ஸ் தீவுகளைச் சுற்றி மாபெரும் கடல் காப்பகத்தை அறிவித்துப் புகழ் பெற்றார். ஆனால் 2015 தொடக்கம் வரை அதன் மிகச் சிறு பகுதியில்தான் வணிக மீன்பிடிப்புக்கு முழுத் தடை இருந்தது. ஏழைத் தலைவரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவதும் ஒரு பக்திதான். அதில் கேள்விக்கு இடமில்லை. கேள்விக்கு இடமில்லாத எதுவும் நமக்கு ஆகாது.

கடவுளையும் ஒப்பாரியையும் விட்டுவிட்டு வேறென்ன செய்யலாம்? பசிபிக்கிலேயே பதில் இருக்கிறது. சுமார் 11,000 மக்கள் கொண்ட துவாலு, 2023ல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் துவாலு நாடாகவே தொடரும் என்று எழுதிக்கொண்டது. கேலியாகத் தோன்றலாம். யோசித்துப் பாருங்கள்: நாடு என்பது மனிதர்கள் கூடிச் செய்த ஏற்பாடு, மனிதர் செய்ததை மனிதர் திருத்தி எழுதலாம். கடலுரிமையையும் மீன்பிடி வருமானத்தையும் காப்பாற்றும் கணக்கு அதில் இருக்கிறது. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவோடு போட்ட ஃபாலேபிலி ஒப்பந்தம் ஆண்டுக்கு 280 துவாலு மக்களுக்கு அங்கே குடியேறும் வழி திறந்தது. விலையும் உண்டு: பாதுகாப்பு விஷயத்தில் வேறு நாடுகளோடு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். அதில் கையெழுத்திட்ட பிரதமர் கவுசியா நடானோ 2024 தேர்தலில் தன் தொகுதியையே இழந்தார். பேரத்தின் விலையை வாக்காளர் முன் வைத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் தலைமைக்கு உரியதுதான்.

அதைவிடப் பெரிய காரியத்தைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். 2019ல் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள் ஒரு கோரிக்கையை எழுப்பினார்கள். வனுவாட்டு அரசு அதை ஐ.நா. சபைக்கு எடுத்துச் சென்றது. 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாகக் கருத்துரைத்தது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு கொடுக்கவேண்டிய நிலையும் வரலாம். இது ஆலோசனைக் கருத்துதான், கட்டாயத் தீர்ப்பு இல்லை. ஆனாலும் மெகாரியின் நீதிமன்றத்தில் சட்டத்துக்கு எட்டாமல் நின்ற கேள்வியை, அரை நூற்றாண்டுக்குப் பின் சட்டத்தின் வாயாலேயே பேச வைத்திருக்கிறார்கள். வானவில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா?

கடைசியாக நமக்கும் ஒரு கேள்வி. 2021ல் கிளாஸ்கோ மாநாட்டின் இறுதி நேரத்தில், நிலக்கரியைப் படிப்படியாக ஒழிப்பது என்ற வாசகத்தைப் படிப்படியாகக் குறைப்பது என்று மாற்றக் கோரி எழுந்த குரல் இந்தியாவினுடையது. சீனாவும் உடன் நின்றது. மார்ஷல் தீவுகளின் பிரதிநிதி அரங்கிலேயே ஏமாற்றத்தைச் சொன்னார். நம் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை: இருநூறு ஆண்டு எரித்தவர்கள் எண்ணெயையும் எரிவாயுவையும் பற்றி மூச்சு விடாமல் நிலக்கரியை மட்டும் கைகாட்டினார்கள், நம்மில் ஒருவர் விடும் புகை அவர்களில் ஒருவர் விடுவதில் சிறு பங்குதான். இந்த நியாயத்தை மேற்கின் முகத்துக்கு நேரே சொல்லலாம், சொல்லவும் வேண்டும். தராவாவில் உப்பேறிய கிணற்றின் உரிமையாளரிடம் இதே நியாயத்தை எப்படிச் சொல்வது? உன்னைக் கெடுத்தவர்கள் வரிசையில் நான் பின்னால் நிற்கிறேன் என்றா?

மாமாவின் கடவுளைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லட்டும். தன் பங்கைக் கணக்கில் எழுதாத பகுத்தறிவு, சாமி படம் மாட்டாத பூசை அறைதான்.