கழகத்தின் உடலும் உயிரும்

ஒரு பொருள் மாறிய பின்னும் அதே பொருளாக நீடிக்கிறதா என்னும் வினாவை மெய்யியலார் அடையாளத் தொடர்ச்சிச் சிக்கல் என்பர். ஸ்காட்லாந்தின் கீழ்நிலைக் கால்பந்துப் பிரிவுகளில் ஆடும் ஏர்ட்ரியோனியன்ஸ் கழகத்தின் வரலாறு அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது. 1878இல் தோன்றி, 1924இல் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்ற அக்கழகம் 2002இல் கடன் சுமையால் கலைக்கப்பட்டது. அதாவது, சட்டத்தின் பார்வையில் அது இறந்தது. லீக்கில் காலியான இடம் கிரெட்னா கழகத்துக்குப் போய்விடவே, ஏர்ட்ரி தரப்பினர் நொடித்துக் கிடந்த கிளைடுபேங்க் கழகத்தை வாங்கி, ஊரையும் பெயரையும் மாற்றி, வெள்ளைச் சட்டையில் சிவப்பு வைர வடிவம் கொண்ட பழைய சீருடையை அதற்கு அணிவித்து, ஏர்ட்ரி யுனைடெட் என ஆடவைத்தனர். 2013இல் பழைய பெயரும் மீண்டது.

சட்ட உரிமையே கழகத்தின் சாரம் எனக் கொண்டால், இன்றைய ஏர்ட்ரியோனியன்ஸ் உண்மையில் கிளைடுபேங்கே ஆகும். ஆனால் அம்முடிவை ஏர்ட்ரியினர் மட்டுமன்றி, 2003இல் தங்கள் கழகத்தைத் தாங்களே மீண்டும் தொடங்கிய கிளைடுபேங்க் ஆதரவாளரும் ஏற்கவில்லை. நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அதே ஆளாக்குகிறது என்ற ஜான் லாக்கின் கொள்கையைக் குழுக்களுக்கும் விரித்தால் இம்மறுப்பு நியாயமாகிறது. எனினும், நினைவு எதையும் தனதென்று உரிமை கொண்டாடக்கூடும் என்பதால், அது மட்டும் போதாது. அவ்வுரிமையைப் பிறரும் ஒப்பும்போதே கழகத்தின் அடையாளம் நிலைபெறுகிறது.