வீட்டோடு சேர்த்து வாங்குவது

நல்ல ஊரில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று ஆசைப்படாதவர் நம்மில் யார்? பிள்ளைகளுக்குச் சிறந்த பள்ளி, அமைதியான தெரு, மரநிழல், திருட்டுப் பயமற்ற இரவு ஆகியவற்றை நாடுவது குற்றமன்று. ஆயினும் அத்தகைய ஊரில் நாம் விலை கொடுத்து வாங்குவது மனையும் கட்டடமும் மட்டும்தானா? வேறு சிலர் அங்கே வர இயலாமையும் அந்த விலைக்குள் அடங்கியிருக்கிறதா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள மவுன்ட் லாரல் என்னும் புறநகர் ஊரின் வரலாறு இக்கேள்வியை நம்முன் வைக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்வெளிகள் வீட்டுமனைகளாக மாற, வேகமாக வளர்ந்த ஊர் அது. ஏழைகள் வரக்கூடாது என்று அங்கு எவரும் பலகை எழுதி வைக்கவில்லை. நில உபயோக விதிகளே அப்பணியைச் செய்தன. தனி வீடுகள் மட்டுமே கட்டலாம் என்பது பொது விதி. ஊரின் பெரும்பரப்பில் ஒரு வீட்டிற்கு 20,000 சதுர அடி மனை வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ 46 சென்ட்! (இரண்டு சென்டில் வீடு கட்டி மூன்று தலைமுறை வாழ்கிற குடும்பங்களை நாம் அறிவோம்.) விதிவிலக்காக அனுமதிக்கப்பட்ட அடுக்குமாடிகளிலும் படுக்கையறைகளுக்கு வரம்பு இருந்தது. அறை கூடினால் குழந்தைகள் கூடுவர். பள்ளிச் செலவோ பெரிதும் உள்ளூர்ச் சொத்துவரியைச் சார்ந்தது. எனவே குறைந்த வரி செலுத்தும் வீட்டுக் குழந்தை, ஊருக்கு நட்டம். இக்கணக்கை எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். தம் பிள்ளைகளை நேசித்த பெற்றோர்களே. அதுதான் நம்மைக் கலங்கச் செய்கிறது.

அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த கறுப்பின மக்களுள் சிலர், கோழிக் கொட்டகைகளை மாற்றியமைத்த குடில்களில் குடியிருந்தனர். அவர்களுக்காக 36 வீடுகள் கட்ட முயன்றவர்களுள் முதன்மையானவர் எத்தல் லாரன்ஸ் என்னும் பெண்மணி. ஊராட்சி மறுத்தது. இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வெளியேறத்தான் வேண்டும் என்ற பொருளில், 1970-இல், அம்மக்களின் ஆலயத்திலேயே ஊர்த்தலைவர் பேசினார் என்பது பதிவாகியுள்ளது. 1971-இல் வழக்குத் தொடரப்பட்டது. வளரும் ஊர் ஒவ்வொன்றும் எளியோருக்கான வீடுகளில் தன் பங்கிற்கு இடமளிக்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. 1983-இல் அதனை மேலும் வலியுறுத்தியது. ஆனால் முதல் வீடுகள் திறக்கப்பட 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எத்தல் லாரன்ஸ் 1994-இலேயே காலமாகிவிட்டார். அக்குடியிருப்பு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செல்வனின் வாயிலருகே கிடந்த இலாசரை நாம் அறிவோம். அச்செல்வன் தினமும் அவனைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. ஒருநாளேனும் மனம் இளகியிருக்க வாய்ப்புண்டு. நில விதிகளோ இலாசரைப் பல கல் தொலைவுக்கு அப்பால் நிறுத்திவிடுகின்றன. கடந்து செல்லும் சங்கடமும் இல்லை.

இதற்குள், நல்வழியும் இருந்தது என்பதை மறைக்கலாகாது. தம் பங்கில் பாதி வரையான வீடுகளை வேறு நகரம் ஒன்று கட்டுமாறு பணம் கொடுத்துப் பொறுப்பை மாற்றிக்கொள்ள 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்களுக்கு வழிவிட்டது. கடமைக்கும் ஒரு விலை! 2008-இல்தான் அவ்வழி அடைக்கப்பட்டது.

எதிர்த்தவர்கள் அஞ்சியது எதற்கு? வீட்டு விலை சரியும், குற்றம் பெருகும், வரி உயரும் என்றனர். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸியும் குழுவினரும் செய்த ஆய்வு 2013-இல் நூலாக வெளிவந்தது. அச்சப்பட்ட எதுவும் நிகழவில்லை என்று அது காட்டுகிறது. அருகிலேயே வசித்த பலருக்கு அப்படியொரு குடியிருப்பு இருப்பதே தெரியவில்லையாம். இதை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்று நமக்குத் தோன்றவில்லை.

நியூ ஜெர்சியின் புறநகர்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பலவும் வீடு வாங்கி வாழ்கின்றன. வாங்கியது பாவம் என்று நாம் சொல்லோம். அவ்விதிகளை அவர்கள் எழுதவில்லை. ஆனால் புதிய குடியிருப்புக்கு அனுமதி கேட்டு ஒரு திட்டம் வரும்போது, ஊர்த் திட்டக்குழு பொதுக்கூட்டம் கூட்டுகிறது. அங்கே எழுந்து பேசுவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள். வீடு கிடைத்தால் வந்து வாழவிருப்பவர் அக்கூட்டத்தில் இல்லை. அவருக்கு அவ்வூரில் வாக்குரிமையும் இல்லை. அவருக்காக யார் எழுந்து பேசுவது?