கூப்பிட்ட குரல்

எங்கள் வீட்டில் கிடாய் அறுக்கும் நாளில் அம்மா கறி தின்னமாட்டாள். குழம்பு வைப்பாள், உப்புப் பார்க்கச் சொல்லி என் உள்ளங்கையில் ஊற்றுவாள், எல்லாருக்கும் பரிமாறுவாள். அவளுக்கு மட்டும் மோரும் ஊறுகாயும். "பொம்பள மனசு, இளகின மனசு" என்று அப்பா சிரிப்பார். வெகுகாலம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஊர் எங்களுடையது. நாலைந்து கன்னி ஆடுகள் இருந்தன. கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. ஐந்து மாதச் சினை, பெரும்பாலும் இரட்டைக் குட்டி. ஈனும் இரவில் விழித்திருப்பது, குட்டிக்குச் சீம்பால் குடிக்கவைப்பது, வேப்பங்குழை ஒடித்து வருவது, புழுக்கை அள்ளுவது எல்லாம் அம்மா. எதை விற்பது, எதைக் கொடைக்கு விடுவது என்பது அப்பா. எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு அம்மா ஒருநாளும் போனதில்லை.

கத்தி பிடிக்க ஒருவர் வருவார். கூலியோடு தோலும் அவருக்கு. அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறுத்து முடித்ததும் வேலை மறுபடி பெண்களிடம் வந்துவிடும். தலையையும் காலையும் தீயில் வாட்டிச் சுரண்ட வேண்டும். குடலைத் திருப்பிச் சுண்ணாம்பு போட்டு அலச வேண்டும். ரத்தத்தைப் பொரிக்க வேண்டும். முடிவும் கத்தியும் மட்டும்தான் ஆண்களிடம் இருந்தன.

இன்னொரு வேலையும் அம்மாவுக்கு இருந்தது. நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த சமயம், அறுக்க வைத்திருந்த கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடைப் புதருக்குள் போய்விட்டது. மூன்று ஆண்கள் துரத்தியும் சிக்கவில்லை. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். அவள் அகத்திக் கொத்தோடு கரையில் நின்று "இந்தா, இந்தா" என்றாள். அது நேராக வந்து அவள் மடியில் முட்டியது. அவளே கயிறு போட்டு அப்பா கையில் கொடுத்தாள்.

அன்று இரவு, "பாவமா இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"பாவமென்ன? வளக்குறதே அறுக்கத்தான். ஆனா, நான் கூப்பிட்டதாலதான வந்துச்சு."

குறளில் புலால் மறுத்தல், கொல்லாமை என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. ஆண்டுதோறும் நடத்துகிறேன். வகுப்பில் விவாதம் தின்னலாமா, கூடாதா என்பதில் போய் நிற்கும். நம் நாட்டில் அந்தக் கேள்வி சாதி இல்லாமல் வருவதில்லை. கறி தின்னாதவர் தூய்மையானவர் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி 2003இல் கோயில் கிடாய்வெட்டைத் தடுத்தார்கள். கிராம மக்கள் எதிர்த்தார்கள். மறு ஆண்டே சட்டம் திரும்பப் பெறப்பட்டது. எதிர்த்தது நியாயம்தான். ஆனால் நான் வாசித்த வாதங்களில் வழிபடுகிறவர் இருந்தார், ஆடும் இருந்தது. அந்த ஆட்டை வளர்த்தவள் இல்லை.

ஒரு விலங்கின் பார்வையில் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. பழகிய குரலால் அழைத்துவந்து அறுக்கலாமா என்று எந்த விதியும் கேட்கவில்லை. அந்தக் குரலை உண்டாக்க ஒரு பெண் ஒன்றரை வருடம் உழைத்திருக்கிறாள். அவள் அன்பு, துரத்திப் பிடிக்கும் வேலையை மிச்சப்படுத்தும் ஒரு கருவியாகிவிடுகிறது. பெண்ணுக்கு இயல்பிலேயே கருணை அதிகம் என்று புகழ்கிறவர்கள் இதைத்தான் மறைக்கிறார்கள். அம்மாவின் மோர்ச்சோறு கருணையில்லை. முடிவில் தனக்குப் பங்கு கொடுக்காத ஒரு கொலையில், தன் பங்கு எவ்வளவு என்று அவள் அறிந்திருந்தாள்.

நான் ஞாயிற்றுக்கிழமை கடையில் அரைக்கிலோ வாங்குகிறேன். என் குரல் தெரிந்த ஆடு எதுவும் இல்லை. அதனால் நிம்மதியாகத் தின்கிறேன். இது அம்மாவின் நிலையைவிட மேலானது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பா போன பிறகும் அம்மா ஆடு வளர்க்கிறாள். எதை, எப்போது, யாருக்கு என்பதை அவளே முடிவு செய்கிறாள். வியாபாரி வாசலுக்கு வந்து அவளிடம் விலை பேசுகிறார். போன பங்குனியில் வீட்டுக்கென்று ஒரு கிடாய் அறுத்தோம். அம்மா அதைக் கூப்பிடவில்லை. அகத்தியும் எடுக்கவில்லை. கொட்டத்துக்குள் போய், கழுத்தைத் தடவி, கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அது முரண்டு பிடித்தது. நேரமானது. அவசரப்படுத்தியவர்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மா தட்டோடு உட்கார்ந்தாள். சோற்றில் குழம்பு ஊற்றி, இரண்டு துண்டு கறி போட்டுக்கொண்டாள்.