கற்பவளின் கடன்

ஒரு நடனத்தைக் கற்கிறவள், அதைச் சுமந்து வந்தவர்களின் அவமானத்திலும் பங்கெடுத்துக்கொள்ள வேண்டுமா? கலையை அதன் சமூகத்திலிருந்து பிரித்தெடுத்து ரசிக்கப் பழகிவிட்டவர்களுக்கு இது அசட்டுக் கேள்வியாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டன் போன்ற கடலோர ஊர்களில், வாரத்தில் ஒரு சாயங்காலம் ஏதாவதொரு வாடகைக் கூடத்தில் பெண்கள் கூடி பெல்லி டான்ஸ் பழகுகிறார்கள். இடுப்பில் காசுகள் தைத்த துணி. எட்டு வரை எண்ணிக்கொண்டு, இடுப்பைத் தனியாகவும் மார்பைத் தனியாகவும் அசைக்கும் பயிற்சி. பிரசவங்களும் வயதும் கடந்த தன் சரீரத்தைக் கூச்சமில்லாமல் பார்க்கும் தைரியம் அவர்களில் பலருக்கு இங்கே கிடைக்கிறது. இதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் கெய்ரோவில் இதே அசைவுகளை ஜீவனமாகக் கொண்டவளுக்குக் கிடைப்பது வேறு. கல்யாணத்தில் ஆட அவளைக் கூப்பிடுகிறவர்கள் அவளோடு சம்பந்தம் செய்துகொள்ள யோசிப்பார்கள். 2020இல், சமூக ஊடகத்தில் போட்ட வீடியோக்களுக்காக ஒரு நடனக்காரிக்கு மூன்று வருஷச் சிறைத்தண்டனை விதித்தது கெய்ரோ நீதிமன்றம். அசைவு ஒன்றுதான்; ஒருத்திக்கு விடுதலை, இன்னொருத்திக்கு இழுக்கு.

இழுக்கு புதிதல்ல. 1834இல் முகம்மது அலி நடனக்காரிகளைக் கெய்ரோவிலிருந்து மேல் எகிப்துக்கு விரட்டினார். 1850இல் ஃப்ளோபேர் குச்சுக் ஹானெமைச் சந்தித்தது அப்படி விரட்டப்பட்டவர்களின் ஊர்களில் ஒன்றான எஸ்னாவில்தான். ‘வயிற்று நடனம்’ என்ற பெயரும் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தது. அமெரிக்காவில் அது பிரபலமானது 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில். விவேகானந்தர் பேசிய சர்வமத மகாசபை அந்தக் கண்காட்சியையொட்டி நடந்ததுதான். எகிப்தியர்கள் வைத்திருக்கும் பெயர்களில் வயிறு இல்லை. மேடையில் ஆடுவது ரக்ஸ் ஷர்கி, கிழக்கின் நடனம். வீட்டிலும் விசேஷங்களிலும் ஆடுவது ரக்ஸ் பலதி, ஊர் நடனம்.

ஆகவே இது திருட்டு என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அரபு-அமெரிக்க எழுத்தாளர் ராண்டா ஜரார் 2014இல் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் சொத்துரிமை வாதம் இங்கே நிற்காது. மேடை உடுப்பு, 1926இல் பாடியா மஸாப்னி தொடங்கியது போன்ற கெய்ரோ கேளிக்கை அரங்குகளில், ஹாலிவுட் சாயலும் கலந்து உருவானது. மாபெரும் நடனக்காரி தாஹியா கரியோக்காவின் பெயரில் பாதி ஒரு பிரேசில் நடனத்தின் பெயர். 2003இல் எகிப்து அரசு, உள்ளூர்க்காரிகளின் பிழைப்பைக் காக்கவென்று அயல்நாட்டு நடனக்காரிகளுக்குத் தடை போட்டது. அடுத்த வருஷமே விலக்கிக்கொண்டது. அனுமதி யாரிடம் கேட்பது? அனுமதி தரும் ஸ்தானத்தில் இருக்கிற கௌரவஸ்தர்கள் அந்த நடனத்தை நினைத்து வெட்கப்படுகிறவர்கள். ஆடுகிறவளை யாரும் கேட்பதில்லை.

நமக்கு இது தெரியாத கதையல்ல. 1947 சட்டம் பொட்டுக்கட்டுதலை ஒழித்தது. அதற்கு முன்பே சதிர் பரதநாட்டியமாகி நல்ல குடும்பத்துப் பெண்களிடம் வந்துகொண்டிருந்தது. கலை மேலே ஏறியது, ஆடியவர்கள் கீழேயே நின்றார்கள்.

கடன் என்றால் வட்டியோடு திருப்பவேண்டிய தொகை என்று கணக்கெழுதும் உத்தியோகம் எனக்கு. இந்தக் கடன் அப்படிப்பட்டதல்ல. அவமானத்தைக் கடல் தாண்டி யாரும் பங்குபோட்டுக்கொள்ள முடியாது. பிரைட்டனிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815இலிருந்து 1822க்குள் இந்தியக் கவிகைகளோடு மாற்றிக் கட்டிய பெவிலியன், கிழக்கை உடுப்பாகப் போட்டுக்கொண்ட கட்டடம். 1914 முதல் 1916 வரை அதே கவிகைகளின் கீழ் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள் கிடந்தார்கள். பிரைட்டனில் மாண்ட ஹிந்து, சீக்கியச் சிப்பாய்களில் ஐம்பத்துமூன்று பேரை ஊருக்கு வெளியே மேட்டில் தகனம் செய்தார்கள். 1921இல் அங்கே ‘சத்ரி’ எழுந்தது. ஆனால் அவர்களுடைய பெயர்கள் அந்த இடத்தில் பொறிக்கப்பட 2010 ஆயிற்று. உடுப்பை எடுத்துக்கொள்வது சுலபம். பெயரைக் கேட்டு எழுதத்தான் தொண்ணூறு வருஷம் பிடிக்கிறது.

கற்பவள் தரவேண்டியது அதுதான்: கவனம். எந்தப் பாட்டுக்கு ஆடுகிறோமோ அதன் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் வருஷக்கணக்கில் இடுப்பை அசைப்பவள், சப்தத்துக்குத் தேகப்பயிற்சி செய்கிறாள். எட்வர்ட் செய்த் 1990இல் தாஹியாவைப் பற்றி எழுதியபோது வியந்தது அவள் எவ்வளவு குறைவாக நகர்ந்தாள் என்பதைத்தான். அந்த நிதானம் பாட்டைக் கேட்பதிலிருந்து வருகிறது, எண்ணிக்கையிலிருந்து வராது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பார்வையாளர் இல்லாமல், பெண்கள் மட்டும் கூடி, அழகையும் வயதையும் பொருட்படுத்தாமல் ஆடும் அந்த வாடகைக் கூடம், எகிப்திய வீடுகளில் பெண்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அறைக்கு, அவர்கள் அறியாமலே, அருகில் வந்துவிடுகிறது. பொய் தொடங்குவது பிறகுதான்: ‘ஹஃப்லா’ என்று அரபிப் பெயர் வைத்து, உடுப்பு வாங்கி, கிழக்கத்திய மர்மத்தை நடிக்க மேடையேறும்போது. மேடையேறுகிறவள் குறைந்தபட்சம் அந்தச் சிறைத்தண்டனையை அறிந்திருக்க வேண்டும். அறிந்தபின்னும் ஆடலாம். ஆனால் அதற்குப் பிறகு அவள் இடுப்பு கொஞ்சம் குறைவாக அசையும் என்று எனக்குத் தோன்றுகிறது.