பஞ்ச காலத்து விதைநெல்

சீடன்: சுவாமி, கொடுங்கோல் மன்னனுடைய கையைக் கட்டிவைக்க முன்னோர் முனைந்தது நியாயமே, ஆயினும் ஜனங்களே வாக்களித்து அமைத்துக்கொண்ட சர்க்காருக்கு நம் அரசியல் சாசனம் இத்தனை தடைகளை விதிப்பானேன்?

குரு: வாக்களித்தோர் பலர், அப்பனே, நள்ளிரவில் கதவைத் தட்டிக் கொண்டுபோகப்படுகிறவனோ ஒருவன். பலருடைய சம்மதம் அந்த ஒருவனுடைய குற்றத்துக்குச் சாட்சியாகாது. ஆகவேதான், சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்று 21-ஆம் ஷரத்து விதிக்க, உரிமை பறிபோனவன் நேரே சுப்ரீம் கோர்ட்டின் வாயிலை அடையலாம் என்று 32-ஆம் ஷரத்து வழிதிறந்து வைத்தது. பின்னதையே சாசனத்தின் ஆத்மா என்றும் இருதயம் என்றும் போற்றினார் அம்பேத்கர்.

சீடன்: நடைமுறையை வகுப்பதும் ஆளும் பெரும்பான்மைதானே, சுவாமி? தனக்கு இசைந்தவாறு அதை எழுதிக்கொண்டால்?

குரு: சாசனம் அமலுக்கு வந்த 1950-ஆம் ஆண்டிலேயே, சென்னை ராஜ்யத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில் எழுந்த வினா அது. சட்டசபை முறைப்படி இயற்றியது எதுவோ அதுவே சட்டம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கொண்டனர். அவர்களினின்று மாறுபட்ட நீதிபதி பஸல் அலியோ, முன்னறிவிப்பு, தன் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பு, நடுநிலையான விசாரணை மன்றம், ஒழுங்கான விசாரணை முறை ஆகிய நான்கும் இல்லாதது நடைமுறையே ஆகாது என்றார். அன்று கோபாலனுக்கு விடுதலை கிட்டவில்லை. ஆனால் 1978-இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமானதாக இருத்தல் வேண்டும் என்று அதே கோர்ட்டு ஒப்புக்கொண்டது.

சீடன்: இடையில் நெருக்கடி நிலை வந்ததே!

குரு: வந்தது. அப்போது காவலில் வைக்கப்பட்டோரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தபோது, சட்டவிரோதமாக ஒருவனைக் கொன்றாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச். ஆர். கன்னா வினவ, நெருக்கடி நீடிக்கும்வரை இல்லை என்றே சர்க்கார் தரப்பு விடையிறுத்தது. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், ஆட்கொணர்வு மனுவுக்கு இடமில்லை என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தனர். கன்னா ஒருவரே மறுத்தார். மறு ஆண்டு தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போகவே, அவர் ராஜினாமாச் செய்தார்.

சீடன்: அங்ஙனமாயின் ஏட்டுச் சாசனத்தால் யாது பயன்?

குரு: பஞ்ச காலத்திலும் குடியானவன் ஒரு கோட்டை விதைநெல்லைத் தொடாமல் வைப்பதில்லையா? தோற்றவர் எழுதி வைத்த மாறுபட்ட தீர்ப்பு அத்தகையது. 1978-இல் நிறைவேறிய 44-ஆம் திருத்தம், 20, 21-ஆம் ஷரத்துகளின் காப்பை நெருக்கடியிலும் நிறுத்தலாகாது என்றது; 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வில் 1976-ஆம் ஆண்டுத் தீர்ப்பே தவறென்று தள்ளப்பட்டது.

சீடன்: விதைநெல் பிழைத்தது, சுவாமி, அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவனுக்கு?

குரு நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கூறினார்: அவனுக்குச் சொல்ல என்னிடம் விடையில்லை, அப்பனே. ஆதலால் இனி ஒருவன் கொண்டுபோகப்படும்போது, எந்தச் சட்டத்தின்படி என்று அன்றைக்கே கேள்.