ஆய்வகத் தட்டும் சங்கரன்கோவில் புற்றுமண்ணும்

மூலிகைச் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றால், அது நோயைத் தீர்க்கும் என்று சொல்லலாமா? எதை அறிவென ஏற்பது என்ற பழைய தத்துவ வினாவே இதனுள் இருக்கிறது. அருணந்தி சிவாச்சாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அதன் சுபக்கப் பகுதியில் அளவையை, அதாவது அறியும் வழிகளை, முதலில் வைக்கிறது. நேரே காணும் காட்சி, கண்டதிலிருந்து ஊகிக்கும் கருதல், நம்பத்தக்கோர் சொல்லாகிய உரை என்னும் மூன்றே அவ்வழிகள். மற்றவை இவற்றுள் அடங்கும்.

ஆய்வகம் தருவது காட்சி. இலையை உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுப்பர். 96 குழிகள் கொண்ட தட்டில் வளரும் செல்களுக்கு அதைப் பல செறிவுகளில் இடுவர். ஓரிரு நாளுக்குப் பின் எம்டிடி என்னும் மஞ்சள் சாயம் சேர்ப்பர். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு செல்கள் செயலற்றுப்போயின என்று கொள்வர்.

தட்டிலிருந்து நோயாளிக்குத் தாவுவது கருதல். நெருப்பின்றிப் புகை இல்லை என்ற பிரியா உறவு இருப்பதால் புகையைக் கண்டு நெருப்பைக் கருதலாம். தட்டில் செல் சாவதற்கும் உடலில் நோய் தீர்வதற்கும் அத்தகைய உறவு கிடையாது. சலவைக்காரமும் தட்டில் செல்லைக் கொல்லும். மருந்தாக வேண்டிய சாறு குடலில் உறிஞ்சப்பட வேண்டும், கல்லீரலைக் கடக்க வேண்டும், கட்டியைப் போதிய அளவில் எட்ட வேண்டும், நல்ல செல்லை விட்டுவைக்கவும் வேண்டும். மஞ்சளிலுள்ள குர்குமின் தட்டில் பலவகைப் புற்றுச்செல்களை அழிக்கிறது. வாய்வழி உண்டாலோ இரத்தத்தில் மிகச் சொற்பமே சேர்கிறது.

உரையையும் தள்ளிவிட முடியாது. தென்தமிழகத்தில் பயிரிடப்படும் நித்தியகல்யாணியே சான்று. அது நீரிழிவுக்கு மருந்து என்று ஜமைக்கா மக்கள் சொல்லிவந்தனர். அச்சொல்லின் வழியே 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் எலிகளில் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை; வெள்ளணுக்கள் குறைந்தன. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்து பிறந்தது. அதே செடி தந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்மையான மருந்துகளுள் ஒன்று. மக்கள் உரை நோயைத் தவறாகச் சொன்னாலும் செடியைச் சரியாகக் காட்டியது. முதல் தடயம் கிடைத்ததும் தட்டில் அன்று, உயிருள்ள உடலில் என்பது கவனிக்கத்தக்கது.

மக்கள் வழக்கம் எல்லாமே மருந்துக்கூற்று ஆகிவிடாது. தென்தமிழகத்துச் சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் சன்னிதிக்கும் கோமதி அம்மன் சன்னிதிக்கும் வரும் அடியார்கள் புற்றுமண்ணை நோய் தீர்க்கும் பிரசாதமாக நெற்றியில் இடுகின்றனர், சிறிது உட்கொள்வதும் உண்டு. இதையும் தட்டில் இட்டுப் பார்க்க வேண்டுமா? மண்ணில் என்ன உப்பு, என்ன நுண்ணுயிர் என்று ஆய்வகம் சொல்லும். அது உண்ணத் தகுந்ததா என்று கேட்பதிலும் பிழையில்லை. ஆனால் அடியார் அதை ஏற்பது அம்மனிடம் தம்மை ஒப்படைப்பதற்காக. இத்தனை மில்லிகிராம் இன்ன கட்டியைக் கரைக்கும் என்று அந்த நம்பிக்கை கூறுவதில்லை. ஆகவே மண்ணை இட்டுக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போகிறவரிடம் முரண்பாடு எதுவும் இல்லை. மருந்தென்று விற்கப்படும் மூலிகைப் பொடிக்குச் சோதனையிலிருந்து இத்தகைய விலக்கு கிடையாது. அது உடலைப் பற்றிக் கூறுவதால் உடலிலேயே, முதலில் விலங்கிலும் பின்பு ஒப்பீட்டுக் குழு வைத்து மனிதரிலும், மெய்ப்பிக்கப்பட வேண்டும். தட்டின் முடிவைக் காட்டியே அதை நோயாளியிடம் விற்பவர் பிரியா உறவின்றியே காட்சியைக் கருதலாக்குகிறார். சிகிச்சைக்குரிய மாதங்கள் அதில் கழிந்துவிடுகின்றன.