கிளியின் அறிவும் நம் அளவுகோலும்

ஐதராபாத்து நகரில் சார்மினாருக்கு அண்மையில், மகபூப் சௌக்கை ஒட்டி, முர்கி சௌக் என்னும் பறவைச் சந்தை உண்டு. கோழியும் புறாவும் வண்ணக் குருவிகளும் விலைபோகும் இத்தகைய சந்தைகளில் கிளி தேடி வருவோர் கேட்பது, "பேசுமா?" என்பதே. புறாவைக் குறித்து எவரும் அவ்வாறு கேட்பதில்லை. பேசும் என்னும் பெருமையே கிளிக்குக் கூண்டாய் முடிந்தது.

கிளிக்கு உண்மையில் அறிவு உண்டா, அன்றிக் கேட்ட ஒலியைத் திரும்ப ஒலிக்கும் வெறுங்கருவியா? நாய், குரங்கு, காகம் ஆகியவற்றோடு ஒப்பிடின் அதன் நிலை யாது? அன்பர் பலர் நம்மிடம் இதனை வினவுகின்றனர். இவ்வினாவின் பின்னே வேறொரு கணக்கு ஒளிந்திருப்பதையும் நாம் காணல் வேண்டும். அறிவு மிக்க உயிருக்கு மிக்க இரக்கம், குறைந்த உயிருக்குக் குறைந்த இரக்கம் என்பதே அக்கணக்கு.

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது தொல்காப்பியம். ஆறாம் அறிவாகிய மனவுணர்வு மக்களுக்கு உரியதெனச் சொல்லப்பட்டபோதிலும், விலங்குகளில் ஒருசாரனவற்றுக்கும் அஃது உண்டென உரை கண்டோர், கிளியையும் குரங்கையும் யானையையும் எடுத்துக்காட்டினர். ஆய்வுக்கூடம் காணாத அப்பெரியோர் கண்கொண்டு பார்த்தே இதனைக் கூறினர் என்பது வியப்புக்குரியது.

அண்மைக்கால ஆராய்ச்சி அவர் கூற்றுக்குத் துணை நிற்கிறது. அமெரிக்க அம்மையார் ஐரீன் பெப்பர்பெர்க் 1977ஆம் ஆண்டில் கடையொன்றில் வாங்கிய ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி, அலெக்ஸ் என்னும் பெயருடையது. முப்பது ஆண்டுகள் அதற்குப் பயிற்சி நடந்தது. ஒருவர் வினவ மற்றொருவர் விடை கூறுவதைக் கிளி அருகிருந்து காணும். பின்னர்த் தானும் அப்போட்டியில் கலந்துகொள்ளும். இவ்வழியில் அது ஏறத்தாழ நூறு சொற்களைக் கற்றது. ஐம்பது பொருள்களை அடையாளம் கண்டது. நிறமும் வடிவும் பிரித்துக் கூறியது. ஆறு வரை எண்ணியது. இரு பொருள்களைக் காட்டி வேறுபாடு யாதென வினவின் நிறம் என்றோ வடிவு என்றோ உரைக்கும்; வேறுபாடு இல்லையெனில் ஒன்றுமில்லை என்னும். பாடம் சலித்தபோது, திரும்பிப் போக வேண்டும் என்று கேட்பதும் உண்டாம்! 2007ஆம் ஆண்டில் அது இறந்தது. பொருளறியாது ஒப்பிப்பவனைக் கிளிப்பிள்ளை என்று இகழும் வழக்கை இனி நாம் சற்றுத் தயங்கியே ஆளல் வேண்டும். ஆலையில் தறியடியில் நின்ற நாளில் நம்மையும் அப்பெயரால் அழைத்தோர் இருந்தனர். கைத்தொழில் செய்வோனுக்குச் சிந்தனை இராது என்பது அவர்தம் துணிபு.

பறவையின் சிறு தலையில் இவ்வளவு அறிவு எங்ஙனம் அடங்கும் என்னும் ஐயத்திற்கு 2016ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. பெருங்கிளியாகிய மக்காவின் மூளை அக்ரூட் கொட்டையளவே. மக்காக் குரங்கின் மூளையோ எலுமிச்சையளவு. ஆயினும் முன்மூளையின் நரம்பணுக்களை எண்ணிப் பார்க்கையில் குரங்கினும் கிளிக்கே மிகுதி எனக் கண்டனர். அணுக்கள் அத்துணை நெருங்கி அமைந்துள்ளன.

ஆகவே கிளியே முதல் என்று முடித்துவிடலாமோ? காகம் நம்மைத் தடுக்கும். 2002ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்னும் காகம், நேரான கம்பியைக் கொக்கிபோல் வளைத்து, குழாயினுள் இருந்த உணவுக் கூடையைத் தூக்கியெடுத்தது. மனிதன் விரல் சுட்டும் திசையை உணர்வதில் நாயோ சிம்பன்சியையும் விஞ்சுகிறது. ஒவ்வொன்றும் தன் வாழ்வுக்கு வேண்டிய அறிவில் தேர்ந்துள்ளது. மனிதன் தன் பேச்சை அளவுகோலாகக் கொண்டமையால் கிளி உயர்ந்து தோன்றுகிறது, அவ்வளவே.

2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு நம்மை மிகவும் ஈர்த்தது. அடுத்தடுத்த அறைகளில் இரு சாம்பற்கிளிகள். ஒன்றனிடம் வில்லைகள் உண்டு, ஆனால் அவற்றைக் கொடுத்து உணவு பெறும் வழி அதற்கு அடைபட்டிருந்தது. மற்றதற்கு வழி உண்டு, வில்லை இல்லை. தனக்கு யாதொரு பயனும் இன்றி முதற்கிளி தன் வில்லைகளை அலகால் எடுத்து அயற்கிளிக்கு நீட்டியது. அதே சோதனையில் மக்காக்கள் அவ்வாறு உதவவில்லை. மூளை பெரிதும் ஒத்த இரு கிளியினங்களுள் ஒன்று கொடுத்தது, மற்றது கொடுக்கவில்லை. எவரும் அறிவாளி எனப் போற்றாத எலியோ, 2011ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த சோதனையில், அடைபட்ட தோழனைக் கதவு திறந்து விடுவித்தது. தான் தனித்து உண்ணத்தக்க இனிப்பையும் பல வேளைகளில் அதனோடு பகிர்ந்தது. அறிவின் வரிசையும் ஈகையின் வரிசையும் ஒன்றல்ல. மகாசுக சாதகத்தில் வரும் கிளியும் பேச்சுக்காகப் போற்றப்படவில்லை. பட்டுப்போன அத்திமரத்தை, அதன் கனியுண்டு வாழ்ந்த நன்றியால், நீங்காதிருந்தமைக்கே போற்றப்படுகிறது.

சீட்டெடுக்கும் சோதிடக் கிளியைத் தெலுங்கு நாட்டிலும் தமிழகத்திலும் காணாதார் இலர். இறகு வெட்டப்பட்ட அப்பறவை எடுப்பது நம் எதிர்காலத்தை அன்று. சீட்டுக்குப் பின் வரும் நெல்மணியையே அது அறியும். 2024 ஏப்ரலில் கடலூர்ப் பகுதியில், தேர்தல் வேட்பாளர் ஒருவர் வெல்வார் எனக் கிளி சீட்டெடுத்த செய்தி பரவியபின், சோதிடர் வனத்துறையினரால் பிடிக்கப்பட்டார். குறி சொன்னது அங்கே குற்றமன்று. கிளியை அடைத்து வைத்ததே குற்றம். செந்தார்ப் பைங்கிளி முதலான நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை.

வைசாகப் பௌர்ணமியன்று சந்தையில் கிளிகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடலாமா என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். அவர்தம் உள்ளம் தூயது. ஆயினும் நாம் கொடுக்கும் பணம் வேடனைச் சேரும். அவன் மீண்டும் மரப்பொந்தில் கைவிட்டுக் குஞ்சுகளை எடுப்பான். குளிர்காலம் தொட்டுக் கோடை வரை அவை குஞ்சு பொரிக்கும் பருவம். மேலும், இறகிழந்த கிளியைக் கூண்டு திறந்து விடுவது பூனைக்கும் பருந்துக்கும் இரையிடுவதே ஆகும். விற்பனையைக் கண்டால் வனத்துறைக்கு அறிவியுங்கள். வீட்டில் நாட்டுக்கிளி இருப்பின் அவர்களிடமே ஒப்படையுங்கள். வெட்டுண்ட இறகு உதிர்ந்து புதியது முளைக்கத் திங்கள் பல ஆகும். அதுவரை அதற்குக் காப்பிடம் வேண்டும்.